இல்லாத வாயுவின் சமன்பாடு இருக்கிற வாயுவுக்கு எப்படிப் பொருந்துகிறது?

பிளஸ் ஒன் படிக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "நல்லியல்பு வாயுவில் மூலக்கூறுகளுக்குப் பருமனே கிடையாது, அவை ஒன்றையொன்று ஈர்ப்பதும் இல்லை என்று புத்தகத்தில் இருக்கிறது. அப்படி ஒரு வாயு உலகத்தில் இல்லை என்றும் அதே பக்கத்தில் இருக்கிறது. இல்லாத வாயுவுக்கு எழுதிய சமன்பாடு காற்றுக்கும் ஆக்சிஜனுக்கும் எப்படிச் சரியாக வருகிறது? அப்புறம், வெப்பநிலை என்பது மூலக்கூறுகளின் இயக்க ஆற்றல்தான் என்றால், ஆற்றலுக்கு ஜூல் இருக்கும்போது கெல்வின் என்று தனி அலகு எதற்கு?"

இரண்டுமே அடிப்படையைத் தொடும் கேள்விகள். பாடத்தில் இவற்றுக்கு இடம் கொடுப்பதில்லை என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சமன்பாட்டை முதலில் எழுதிவிடுவோம். அழுத்தம் × பருமன் = மோல் எண்ணிக்கை × வாயு மாறிலி × கெல்வினில் வெப்பநிலை. இதில் வாயுவின் பெயருக்கு இடமே இல்லை. ஹைட்ரஜனோ, கார்பன் டை ஆக்சைடோ, நாம் விடும் மூச்சோ, எல்லாவற்றுக்கும் அதே மாறிலி, 8.314. திரவத்திலோ திண்மத்திலோ இப்படி ஒரு பொது விதி கிடையாது. தண்ணீருக்கு ஒரு கணக்கு, எண்ணெய்க்கு வேறொரு கணக்கு. வாயுவில் மட்டும் பொருளின் அடையாளம் ஏன் மறைந்துபோகிறது என்பதுதான் உங்கள் முதல் கேள்வியின் உள்ளே இருக்கும் கேள்வி.

பதில், வெற்றிடம். 27 டிகிரி செல்சியஸில், சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் சுமார் இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. கேட்டால் நெரிசல் போலத் தோன்றும். ஆனால் ஒரு நைட்ரஜன் மூலக்கூறின் குறுக்களவு ஏறக்குறைய 0.37 நானோமீட்டர்தான். அதை ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு, 4 சென்டிமீட்டருக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். அடுத்த பழம் சராசரியாக 37 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். ஒரு பழம் கிளம்பி இன்னொன்றின் மேல் மோதுவதற்கு முன் 7 மீட்டர் ஓடியிருக்கும். மூலக்கூறுகள் உண்மையில் அடைத்துக்கொண்டிருக்கும் இடம் மொத்தப் பருமனில் பத்தாயிரத்தில் ஆறேழு பங்கு. மீதி எல்லாம் காலி.

ஆகவே "பருமன் கிடையாது" என்பதற்கு, அதைக் கணக்கில் சேர்த்தாலும் விடை மாறாத அளவுக்குப் பருமன் சிறியது என்றுதான் பொருள். "ஈர்ப்பு கிடையாது" என்பதும் அப்படியே. ஈர்ப்பு இருக்கிறது. ஆனால் அது கிட்டத்தட்ட உரசிக்கொள்ளும் தூரத்தில் மட்டுமே வேலை செய்யும். மூலக்கூறு தன் நேரத்தில் பெரும்பகுதியை அந்தத் தூரத்துக்கு வெளியே கழிக்கிறது. யாரும் பக்கத்தில் இல்லாதபோது அது நைட்ரஜனா ஆக்சிஜனா என்பது வெளிப்பட வாய்ப்பே இல்லை. அடையாளம் மறைவது இதனால்தான்.

காற்றுக்கு இன்னொரு நல்ல வாய்ப்பும் அமைந்திருக்கிறது. பருமனைப் புறக்கணித்தால் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைவாகக் கணக்கிடுவோம். ஈர்ப்பைப் புறக்கணித்தால் கொஞ்சம் கூடுதலாகக் கணக்கிடுவோம். இரண்டு பிழைகளும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. ஒவ்வொரு வாயுவுக்கும் ஏதோ ஒரு வெப்பநிலையில் இவை ஒன்றையொன்று அடித்துவிடும், அதற்குப் பாயில் வெப்பநிலை என்று பெயர். நைட்ரஜனுக்கு அது சுமார் 54 டிகிரி செல்சியஸ். நம் ஊர் அறை வெப்பநிலை அதற்கு வெகு தூரத்தில் இல்லை. அதனால்தான் சாதாரண அழுத்தத்தில் நைட்ரஜன் சமன்பாட்டிலிருந்து விலகுவது பத்தாயிரத்தில் ஏறக்குறைய இரண்டு பங்கு மட்டுமே. அதே நிலையில் கார்பன் டை ஆக்சைடு சுமார் அரை சதவீதம் விலகும். பள்ளி ஆய்வகக் கருவிகளால் நைட்ரஜனின் விலகலைக் கண்டுபிடிக்கவே முடியாது.

சரி, சமன்பாடு எங்கே உடைகிறது? இதற்கு இரண்டு சிலிண்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

ஒன்று ஆக்சிஜன் சிலிண்டர். 2021 கொரோனா அலையின்போது ஜம்போ சிலிண்டர் என்ற பெயரைக் கேட்காதவர் இருக்க மாட்டார்கள். டி-டைப் என்று மருத்துவமனைகளில் சொல்லும் அந்தச் சிலிண்டரின் உள்ளளவு 46.7 லிட்டர். நிரப்பும் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் ஏறக்குறைய 150 மடங்கு. பெருக்கிப் பாருங்கள், 7,005 லிட்டர். அந்தச் சிலிண்டரில் 7 கன மீட்டர் ஆக்சிஜன் இருக்கிறது என்று சொல்வதெல்லாம் இந்த ஒற்றைப் பெருக்கல்தான், அதாவது வெப்பநிலை மாறாதவரை அழுத்தம் × பருமன் மாறாது என்னும் பாயில் விதி. நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் போகிறது என்றால் 700 நிமிடம், பதினொன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். மீட்டரின் முள் 75-க்கு இறங்கினால் பாதி தீர்ந்துவிட்டது. இத்தனை அழுத்தத்தில் ஆக்சிஜன் நல்லியல்பிலிருந்து 5 சதவீத அளவுக்கு விலகத்தான் செய்கிறது. ஆனால் ஈர்ப்பு மேலோங்கி நிற்பதால் கணக்குக்குச் சற்றுக் கூடுதலாகவே வாயு உள்ளே இருக்கும். தவறினாலும் நோயாளிக்கு நல்ல பக்கமாகத் தவறுகிறது.

இன்னொன்று வீட்டுச் சமையல் எரிவாயு சிலிண்டர். உள்ளளவு சுமார் 33 லிட்டர், உள்ளே 14.2 கிலோ. புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது என்பதால் குத்துமதிப்பாக 270 மோல் என்று வைத்துக்கொள்ளலாம். 27 டிகிரியில் ஒரு மோல் நல்லியல்பு வாயுவுக்குச் சாதாரண அழுத்தத்தில் 24.6 லிட்டர் இடம் வேண்டும். கணக்குப் போட்டால் சிலிண்டருக்குள் 200 வளிமண்டல அழுத்தம் இருக்கவேண்டும். உண்மையில் இருப்பது பத்துக்குள்தான். இருபது மடங்குக்கு மேல் பிழை! காரணம், உள்ளே இருப்பதில் பெரும்பகுதி வாயுவே இல்லை, திரவம். ஈர்ப்பு வென்று மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. திரவம் கொஞ்சம் மிச்சம் இருக்கும்வரை அதன் மேலிருக்கும் ஆவியின் அழுத்தம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். பாதி தீர்ந்தாலும் அதே அழுத்தம்தான். ஆகவே அழுத்தமானியை மாட்டி எவ்வளவு மீதி என்று தெரிந்துகொள்ள வழியில்லை. எடை போட்டுத்தான் பார்க்கவேண்டும். காலி சிலிண்டரின் எடையை அதன் மேலேயே எழுதியிருப்பது அதற்காகத்தான். அலுவலகங்களில் மாட்டியிருக்கும் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானில் அழுத்தமானி இல்லாமல் இருப்பதற்கும் இதே காரணம், அதையும் எடை போட்டுத்தான் சோதிப்பார்கள்.

கார்பன் டை ஆக்சைடைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். 31 டிகிரி செல்சியஸுக்கு மேல் அதை எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக்க முடியாது. அயர்லாந்தைச் சேர்ந்த தாமஸ் ஆண்ட்ரூஸ் 1869-இல் இதை விளக்கமாகக் காட்டினார். அந்த எல்லைக்குக் கீழே திரவம், ஆவி என்று இரண்டு அடுக்காக இருப்பது, எல்லையைத் தாண்டியதும் இடையிலிருக்கும் கோடு அழிந்து ஒரே பொருளாகிவிடும். சித்திரை வெயிலில் நம் ஊர்த் தீயணைப்பான்களுக்குள் இது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இந்த விலகல்களைத் தொந்தரவாகப் பார்க்காமல் தகவலாகப் பார்த்தவர் நெதர்லாந்தின் வான் டெர் வால்ஸ். 1873-இல் லைடன் பல்கலைக்கழகத்தில் கொடுத்த ஆய்வேட்டில், பருமனுக்கு ஒரு திருத்தமும் ஈர்ப்புக்கு ஒரு திருத்தமும் சேர்த்து புதிய சமன்பாட்டை எழுதினார். இரண்டே இரண்டு மாறிலிகள்தான். ஆனால் வாயு திரவமாவதும் ஆண்ட்ரூஸ் கண்ட எல்லை வெப்பநிலையும் அதிலிருந்தே வந்துவிட்டன. எண்கள் துல்லியம் இல்லை. ஆனாலும் வாயுவும் திரவமும் ஒரே மூலக்கூறுகளின் ஒரே கதை என்று காட்டிய வகையில், இயற்பியலில் இதைவிடச் சிக்கனமான ஒரு திருத்தம் எனக்குத் தெரியாது. 1910-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எந்த வாயுவை எவ்வளவு குளிர்வித்தால் திரவமாகும் என்று முன்கூட்டியே கணிக்க அவர் கொடுத்த வழிதான், அதே லைடனில் காமர்லிங் ஆன்ஸ் 1908-இல் ஹீலியத்தைத் திரவமாக்கத் துணைநின்றது.

இனி வெப்பநிலைக்கு வருகிறேன். அதற்கு முன் அழுத்தம் எப்படி வருகிறது என்று ஒரு நிமிடம் பார்க்கவேண்டும்.

ஒரு பெட்டிக்குள் ஒரே ஒரு மூலக்கூறு, இரண்டு எதிர்ச் சுவர்களுக்கு நடுவே போய்ப் போய் வருகிறது. சுவரில் மோதித் திரும்பும்போது அதன் உந்தம் நிறை × வேகத்தின் இரண்டு மடங்கு மாறுகிறது. வேகம் இரட்டித்தால் ஒவ்வொரு இடியின் பலமும் இரட்டிக்கும். அதோடு அடுத்த இடிக்குத் திரும்பிவரும் நேரமும் பாதியாகிவிடும். ஆகவே சுவர் உணரும் விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. இந்த இருமடி எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மீதி தானாக வரும். மூலக்கூறுகள் மூன்று திசைகளிலும் ஓடுவதால் மூன்றில் ஒரு பங்கு. முடிவில் அழுத்தம் × பருமன் = மூன்றில் ஒரு பங்கு × மூலக்கூறுகளின் எண்ணிக்கை × நிறை × வேக இருமடியின் சராசரி. அறைக் காற்றில் ஒரு சதுர சென்டிமீட்டர் சுவரின் மேல் ஒரு வினாடியில் விழும் இடிகள் கிட்டத்தட்ட அரை மோல். தனித்தனி இடி எதுவும் தெரியாமல் சீரான அழுத்தமாக உணர்வது இத்தனை எண்ணிக்கையால்தான்.

இதை முதலில் சொன்ன வாயுச் சமன்பாட்டோடு ஒட்டிப் பாருங்கள். இரண்டிலும் இடப்பக்கம் ஒன்றே. ஆகவே வலப்பக்கங்களும் சமம். ஒரு மூலக்கூறின் சராசரி நேரோட்ட (இடம்விட்டு இடம் ஓடும்) இயக்க ஆற்றல் = ஒன்றரை × போல்ட்ஸ்மன் மாறிலி × வெப்பநிலை. வெப்பநிலை என்பது வேகம் அல்ல, இயக்க ஆற்றலின் சராசரி. 27 டிகிரியில் ஹைட்ரஜன் வினாடிக்குச் சுமார் 1,930 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது, ஆக்சிஜன் 480 மீட்டரில். இலேசானது நான்கு மடங்கு வேகம், கனமானது பதினாறு மடங்கு நிறை. இரண்டுக்கும் இயக்க ஆற்றல் ஒன்றே, வெப்பநிலையும் ஒன்றே.

அப்படியானால் கெல்வின் எதற்கு? உங்கள் சந்தேகம் நியாயமானது. மூலக்கூறுகளைப் பற்றி எதுவும் தெரியாத காலத்தில் வெப்பமானி வந்துவிட்டது, அலகும் வந்துவிட்டது. பிறகுதான் அது ஆற்றல் என்று தெரிந்தது. போல்ட்ஸ்மன் மாறிலி அந்த இரண்டு அலகுகளுக்கும் நடுவிலிருக்கும் மாற்று விகிதம், அவ்வளவே. 2019 மே 20 முதல் உலக அளவில் அந்த விகிதத்தையே நிலையான எண்ணாக அறிவித்துவிட்டு, அதிலிருந்து கெல்வினை வரையறுக்கிறார்கள். அந்த எண்ணை உறுதி செய்ய நடந்த அளவீடுகளில் முக்கியமானவை ஆர்கான், ஹீலியம் வாயுக்களில் ஒலியின் வேகத்தை அளந்தவை. வாயுவின் அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து அளந்து, அழுத்தம் சுழியமானால் விடை என்னவாக இருக்கும் என்று நீட்டிப் பார்ப்பார்கள். அழுத்தம் சுழியத்தை நெருங்க நெருங்க எந்த வாயுவும் நல்லியல்பு வாயுவாகிவிடும். ஆகவே நல்லியல்பு வாயு கற்பனைப் பொருள் என்று சொல்வது பாதி உண்மைதான். எல்லா வாயுக்களும் அடர்த்தி குறையும்போது போய்ச்சேரும் எல்லை அது.

வெவ்வேறு வாயுக்கள் ஒரே வெப்பநிலையில் இருந்தால் அவற்றின் மூலக்கூறுகளுக்குச் சராசரி ஆற்றல் சமம் என்றேனே, அதைத் தெளிவாக முதலில் எழுதியவர் அப்போது பம்பாயில் இருந்தார். ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன், எடின்பரோவில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படைப் பயிற்சி மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டே, தனியாக உட்கார்ந்து வாயுக்களின் இயக்கவியல் முழுவதையும் எழுதி, 1845-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். மூலக்கூறின் வேக இருமடி அதன் நிறைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்பது அதில் இருந்தது. மதிப்பீட்டாளர்களில் ஒருவர் அதை வெறும் பிதற்றல், சபையில் வாசிக்கக்கூடத் தகுதியற்றது என்று எழுதிவிட்டார். சிறு சுருக்கம் மட்டும் அச்சானது. சொசைட்டியின் வழக்கப்படி கைப்பிரதியையும் திருப்பித் தரவில்லை, அவரிடமோ வேறு பிரதி இல்லை. அதே கருத்துகளை 1850-களின் இறுதியில் ஜெர்மானியரான கிளாசியஸும், 1860-இல் மேக்ஸ்வெல்லும் தாங்களாகவே கண்டுபிடித்து எழுதினார்கள். வாட்டர்ஸ்டன் 1883-இல் வீட்டைவிட்டுக் கிளம்பியவர் திரும்பவே இல்லை. அவர் கைப்பிரதி ஆவணக் காப்பகத்தில் கிடந்ததை 1891-இல் இயற்பியலாளர் ரேலி பிரபு தேடி எடுத்தார், மறு ஆண்டு முழுவதுமாக அச்சிட்டார். 47 ஆண்டு தாமதம். நம் பாடப்புத்தகங்களில் கிளாசியஸ், மேக்ஸ்வெல், போல்ட்ஸ்மன் பெயர்கள் வருகின்றன. நம் நாட்டு மண்ணில் உட்கார்ந்து எழுதியவரின் பெயர் ஒரு வரியில்கூட வராதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆற்றல்தான் கணக்கு, வாயுவின் பெயர் கணக்கில் இல்லை என்பதைப் பெட்ரோல் பங்கில் சோதித்துப் பார்க்கலாம். டயருக்கு நைட்ரஜன் அடித்தால் சூட்டில் அழுத்தம் ஏறாது என்று சொல்கிறார்கள். 27 டிகிரியில் 33 பி.எஸ்.ஐ. அடித்த டயர் ஓடி ஓடி 57 டிகிரிக்குச் சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் காட்டுவது வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தம் மட்டும் என்பதை மறக்கக்கூடாது, இங்கேதான் பலரும் தடுக்கி விழுவார்கள். அதனால் முதலில் 14.7-ஐக் கூட்டி 47.7 என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை 300 கெல்வினிலிருந்து 330-க்குப் போனது, பத்தில் ஒரு பங்கு ஏற்றம். 47.7 என்பது 52.5 ஆகும். 14.7-ஐக் கழித்தால் மீட்டரில் கிட்டத்தட்ட 38. ஏறக்குறைய 5 பி.எஸ்.ஐ. ஏற்றம், நைட்ரஜன் அடித்தாலும் சாதாரணக் காற்று அடித்தாலும் இதே ஏற்றம்தான். காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தானே! கம்ப்ரசர் காற்றோடு ஈரம் உள்ளே போயிருந்தால் கொஞ்சம் வித்தியாசம் வரலாம், நைட்ரஜன் உலர்ந்த வாயு என்ற அளவில் அந்த நன்மை உண்டு. ரப்பர் வழியாகக் கசிவதும் சற்று மெதுவாக நடக்கும். அதற்கு மேல் அந்த வாயுவிடம் தனிக் குணம் எதுவும் இல்லை.

ஈரம் என்றதும் ஒன்று. புழுக்கமான காற்று கனமானது என்று நமக்குத் தோன்றும், உண்மை நேர்மாறு. ஒரே அழுத்தம், ஒரே வெப்பநிலையில் ஒரே பருமனுக்குள் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம் என்பது 1811-இல் அவகாட்ரோ சொன்னது. 28 எடையுள்ள நைட்ரஜனும் 32 எடையுள்ள ஆக்சிஜனும் விட்டுப்போன இடத்தில் 18 எடையுள்ள நீராவி வந்து உட்கார்ந்தால் காற்று இலேசாகத்தான் ஆகும்.

சைக்கிள் பம்ப் ஏன் சுடுகிறது என்பதற்கும் தவறான விளக்கம் நிறைய உலவுகிறது. மூலக்கூறுகள் நெருக்கியடித்து ஒன்றோடொன்று உரசுவதால் சூடு வருகிறது என்பார்கள். அவற்றுக்கு இடையே நடப்பது மீட்சி மோதல், ஒன்று இழப்பதை மற்றது பெறும். மொத்த ஆற்றல் துளியும் கூடாது. சூடு வருவது பிஸ்டனிலிருந்து. நின்றுகொண்டிருக்கும் சுவரில் மோதும் மூலக்கூறு அதே வேகத்தில் திரும்பும். தன்னை நோக்கி வந்துகொண்டிருக்கும் பிஸ்டனில் மோதினால், பிஸ்டனின் வேகத்தைப்போல் இரண்டு மடங்கைக் கூடுதலாக வாங்கிக்கொண்டு திரும்பும். நம் கை செய்யும் வேலை மூலக்கூறுகளின் வேகமாக மாறுவது அந்த ஒரு கணத்தில்தான். பிஸ்டன் பின்வாங்கினால் எல்லாம் எதிர்மாறு, வாயு குளிரும். டீசல் எஞ்சினில் தீப்பொறிக்குப் பிளக் கிடையாது. காற்றைப் பதினெட்டில் ஒரு பங்காக அமுக்கினால், வெப்பம் வெளியேறாத நிலையில், கணக்குப்படி 650 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். டீசலைத் தெளித்தவுடன் தானே பற்றிக்கொள்ளும்.

இனி வேகத்துக்கு எழுந்த ஒரு நல்ல ஆட்சேபம். 1858-இல் நெதர்லாந்தின் பய்ஸ் பாலட் கேட்டார்: மூலக்கூறுகள் வினாடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடுகின்றன என்றால், அறையில் புகை அடுக்காக மிதந்துகொண்டே நிற்பது எப்படி? ஒரு மூலையில் திறந்த வாயுவின் மணம் மறு மூலைக்கு வர ஏன் இத்தனை நேரம்? கிளாசியஸ் அதே ஆண்டில் பதில் எழுதினார். மூலக்கூறு நேராக ஓடுவதில்லை, மோதி மோதித் திசை மாறுகிறது. இரண்டு மோதல்களுக்கு இடையே அது ஓடும் சராசரி மோதலிடைத் தூரம்தான் முக்கியம் என்றார். நம் அறைக் காற்றில் அது சுமார் 67 நானோமீட்டர், ஒரு வினாடியில் 700 கோடி மோதல். ஒரு நைட்ரஜன் மூலக்கூறு ஒரு வினாடியில் அரை கிலோமீட்டருக்கு நெருக்கமாக ஓடியும், கிளம்பிய இடத்திலிருந்து அது விலகியிருக்கும் தூரம் சுமார் ஒரு சென்டிமீட்டர்.

இதிலிருந்து வரும் ஒரு முடிவு வகுப்பறைகளில் சொல்லப்படுவதில்லை. இப்படித் தத்தித் தத்திப் போவதில் தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். காற்று அசையவே அசையாத ஓர் அறையில் ஊதுபத்தி மணம் விரவல் (மூலக்கூறுகள் இப்படித் தாமாகப் பரவுவது) மூலம் மட்டுமே ஐந்து மீட்டர் கடக்கவேண்டுமானால் நாள்கணக்கில் ஆகும். வீட்டில் அடுத்த நிமிடமே மணக்கிறது என்றால் அதைச் சுமந்து வருவது காற்றோட்டம், விரவல் அல்ல. விரவலுக்கு உதாரணமாக ஊதுபத்தியைச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்தினால் நல்லது என்பது என் கருத்து.

மோதலிடைத் தூரத்தை எடுத்துக்கொண்டு மேக்ஸ்வெல் இன்னும் ஒரு படி போனார். வாயுவின் பாகுநிலை, அதாவது ஓட்டத்தைத் தடுக்கும் உள் உராய்வு, அதன் அடர்த்தியைப் பொறுத்ததல்ல என்று அவர் கணக்கு சொன்னது. அடர்த்தி பாதியானால் உந்தத்தைச் சுமந்து செல்லும் மூலக்கூறுகளும் பாதி, ஆனால் ஒவ்வொன்றும் இரட்டிப்புத் தூரம் கொண்டுபோகிறது. இரண்டும் சரிக்குச் சரி. அவருக்கே இது நம்ப முடியாததாக இருந்தது. லண்டன் வீட்டில் மனைவி கேத்ரினின் உதவியோடு, மெல்லிய வாயுவுக்குள் கண்ணாடித் தட்டுகளை ஊசலாடவிட்டு அளந்தார். 1866-இல் வெளியிட்ட முடிவு கணக்கோடு ஒத்துப்போனது. மூலக்கூறுகளை நம்பாதவர்களை அசைத்தது இந்த மாதிரி முடிவுதான். முன்பே தெரிந்த பாயில் விதியை மறுபடி வருவித்துக் காட்டுவது பெரிதல்ல, யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்லி அது பலிப்பது பெரிது. அதே மோதலிடைத் தூரத்தையும் திரவத்தின் அடர்த்தியையும் வைத்து 1865-இல் வியன்னாவில் லோஷ்மித் மூலக்கூறின் அளவையே மதிப்பிட்டார். ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் என்று வந்தது. அந்தக் காலத்துக்கு அது பிரமாதமான நெருக்கம்.

கடைசியாக, இந்தக் கொள்கை உண்மையிலேயே தோற்ற இடத்தையும் சொல்லிவிடவேண்டும். அது நீங்கள் சந்தேகப்பட்ட இடத்தில் இல்லை. ஆற்றல் எல்லா வகை இயக்கங்களுக்கும் சமமாகப் பங்கிடப்படும் என்று கொள்கை சொல்கிறது. ஓரணு வாயுவுக்கு நேரோட்டம் மட்டும், மூன்று பங்கு. அதன் இரண்டு வெப்ப ஏற்புத்திறன்களின் (அழுத்தம் மாறாதபோது ஒன்று, பருமன் மாறாதபோது ஒன்று) தகவு 1.67 வரவேண்டும், பாதரச ஆவியில் 1876-இல் அளந்தபோது அப்படியே வந்தது. ஈரணு மூலக்கூறு சுழலவும் அதிரவும் முடியும், ஆகவே தகவு 1.29 வரவேண்டும். காற்றில் அளந்தால் 1.40. அதிர்வுக்கு உரிய பங்கைக் காணோம். 1875-இல் மேக்ஸ்வெல் தன் சொற்பொழிவில், மூலக்கூறு கொள்கை இதுவரை சந்தித்த மிகப் பெரிய சிக்கல் இது என்று வெளிப்படையாகச் சொன்னார். 1912-இல் ஜெர்மானிய அறிவியலாளர் ஆய்க்கென் ஹைட்ரஜனைக் குளிரவைத்து அளந்தபோது சிக்கல் இன்னும் கூர்மையானது. சுமார் 60 கெல்வினுக்கு வந்ததும் சுழற்சியின் பங்கும் மறைந்து, ஈரணு வாயுவான ஹைட்ரஜன் ஓரணு வாயுவைப் போலவே நடந்துகொண்டது. சுழற்சிக்கும் அதிர்வுக்கும் ஆற்றல் படிப்படியாகத்தான் ஏறும். முதல் படிக்கு வேண்டிய ஆற்றல் மோதல்களில் கிடைக்காவிட்டால் அந்த இயக்கம் தொடங்கவே தொடங்காது. இதைச் சொல்லக் குவாண்டம் கொள்கை வரவேண்டியிருந்தது.

அந்தக் குளிரிலும், அழுத்தம் குறைவாக இருக்கும்வரை, ஹைட்ரஜனின் அழுத்தம் × பருமன் கணக்கில் மட்டும் மாற்றம் எதுவும் இல்லை. மூலக்கூறு சுழல்கிறதா, அதிர்கிறதா என்பது சுவருக்குத் தெரியாது. சுவரில் வந்து இடிப்பது நேரோட்டம் ஒன்றுதான், அந்த நேரோட்டத்தின் ஆற்றல் படிகள் ஒரு பெட்டியின் அளவுக்கு மிக மிக நெருக்கமாக இருப்பதால் அங்கே பழைய கணக்கே செல்லும்.